தூசி என்று நான் அடைத்த பொட்டு

என் நேசம் மச்சாளுக்கு,

உன் அண்ணன் பெண்சாதி பூரணம் எழுதுகிறேன். நீ போய் மூன்று வருஷமாகிறது. உயிரோடு இருந்த காலத்தில் உனக்கு ஒரு கடதாசித் துண்டு எழுதாதவள், இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரி. அங்கே உன்னை யாரும் முறைக்கப்போவதில்லை.

முதலில் ஊர்ப் புதினம். உலகச் சண்டை ஓய்ந்துவிட்டது. கண்ணாடித் தட்டும் படம் பதிக்கிற தாளும் மறுபடியும் கப்பலில் வரத் தொடங்கியிருக்கின்றன. உன் அண்ணனுக்கு முழங்காலில் நோ. கமராவின் கறுப்புத் துணிக்குள் குனிந்தால் நிமிர்வதற்கு என்னைக் கூப்பிடுகிறார். ஆனால் வாய்க்கு ஒரு நோவும் இல்லை. வாவியோரம் அதே வீடு, அதே கண்ணாடிக் கூரை, அதே பிரம்புக் கதிரை. உன் மகள் கனகம் சுகம். அவளுக்கு ஏழு மாதத்தில் ஒரு மகன் இருக்கிறான், தெரியுமா? போன கிழமை அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு களுதாவளையிலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் வாசலில் நின்றாள்.

அவள் வந்து சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நெஞ்சு நிறைய மூச்சு விட முடிந்தது. அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் எனக்கு ஆறும். உனக்குத் தெரிந்த கதைதான். என் பக்கத்துக் கதையை நீ கேட்டதில்லை.

பதினெட்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை, எட்டு மாதக் கனகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நீ பாலத்தைக் கடந்து வந்தாய். கச்சான் காற்று ஊரையே புழுதியாக்கிக்கொண்டிருந்த மாதம். உன் முந்தானையில் ஒரு சின்ன மைச்சிமிழை முடிந்து வைத்திருந்தாய்.

"அம்மாக்குச் சொல்லாம வந்திரிக்கன் மச்சாள். ஆசுப்பத்திரிக்குப் போறன் எண்டுதான் சொன்னன்."

"ஏன்கா பொய்?"

"புள்ளையப் படம் புடிச்சா ஆயுசு குறையும் எண்டு ஒத்தக்கால்ல நிக்கிறா."

"மறுகா என்னத்துக்கு வந்த?"

பிள்ளையின் காதை விரலால் தடவிக்கொண்டிருந்தாய். கனகத்துக்கு முன் உனக்குப் பிறந்த இரண்டும் ஒரு வயதைத் தாண்டவில்லை. அதைப்பற்றி நீ யாரிடமும் பேசுவதில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னாய்.

"மூத்தவன்ட முகம் எனக்கு மறந்து போயிற்று மச்சாள். ரெண்டாவதுட முகமும் போகுது. காது மட்டும் ஞாபகம் இரிக்கு. இவள்ட முகத்தையாச்சும் ஒரு தாள்ல வச்சிரிக்க வேணும்."

நான் உன்னைக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளை பெறாத எனக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

பிள்ளையோடு வருகிற தாய்மாரைப் படம் பிடிப்பதுதான் எங்கள் தொழிலில் பெரிய பாடு. பிள்ளை ஆடும், வாயில் கையை வைக்கும், கமராவைக் கண்டு வீறிடும். பிள்ளை அடங்குகிற அந்த ஒரு கணத்தில் தாய் கமராவைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்ப்பாள். "கண்ணை நிமித்துங்க தங்கச்சி" என்று உன் அண்ணன் துணிக்குள்ளிருந்து கத்துவார். காத்தான்குடியிலிருந்து முக்காட்டோடு ஒரு தாய் வந்தால் அவர் கமராவை நிறுத்திவைத்துவிட்டு வாவிக்கரைக்குப் போய்விடுவார், படம் பிடிக்கிற றப்பர்க் குமிழை நான்தான் அமத்துவேன். மற்ற நாட்களில் கிலுக்கட்டியை ஆட்டிப் பிள்ளையை மயக்குவது என் வேலை.

நீ கதிரையில் உட்கார்ந்ததும் மைச்சிமிழைத் திறந்து என்னிடம் நீட்டினாய்.

"கண் நாவூறு படாம ஒரு பொட்டு வை மச்சாள்."

"நானா?"

"நீதான். உன்ட கைதான் நடுங்காது."

நெகட்டிவில் பென்சிலால் திருத்துகிற கை என்பதால் சொன்னாயோ, வேறெதை நினைத்துச் சொன்னாயோ, எனக்குத் தெரியாது. பிள்ளையில்லாதவளிடம் பிள்ளைக்குப் பொட்டு வைக்கச் சொன்னவள் எங்கள் இரண்டு பக்கச் சாதிசனத்திலும் நீ ஒருத்திதான். அந்தச் சந்தோஷத்தில் என் கண் கலங்கியது. அதை மறைக்கக் கனகத்தின் வலது கன்னத்தில் குனிந்து, பயறளவில் ஒரு பொட்டு வைத்தேன். பிறகு கமராவுக்குப் பக்கத்தில் நின்று கிலுக்கட்டியை ஆட்டினேன். பிள்ளை கிலுக்கட்டியைப் பார்த்தது. நீ கமராவையும் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையோடுதான் தட்டில் விழுந்தாய்.

இனி நீ அறியாத பகுதி. கழுவிக் காய்ந்த தட்டுகளை வடக்கு யன்னலுக்குக் கீழே சாய்த்து வைத்து, கீழே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை வைப்பேன். ஆகாய வெளிச்சம் அதில் பட்டுத் தட்டின் வழியே மேலே வரும். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் பிடித்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் திருத்துவேன். தட்டில் எல்லாம் தலைகீழ். வெள்ளைச் சட்டை கறுப்பாக இருக்கும், கறுத்தக் கூந்தல் வெளிறி இருக்கும், முகம் முகமாகவே தெரியாது. தூசி விழுந்த இடமெல்லாம் ஊசியால் குத்தியதுபோல் வெளிச்ச ஓட்டையாக நிற்கும். அதை அப்படியே விட்டால் படத்தில் கறுப்புப் புள்ளியாகிவிடும். ஆகவே ஓட்டையைக் கண்டால் அடைப்பேன். கச்சான் மாதத்தில் ஒரு தட்டில் எத்தனை ஓட்டை என்று கேட்காதே.

கறுத்தப் பொட்டும் தட்டில் ஓர் ஓட்டைதான், நேசம். அடைத்துவிட்டேன்.

படத்தை ஒட்டி, மட்டை போட்டு, உன் அண்ணனும் நானும் வண்டியில் களுதாவளைக்குக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் எனக்குப் பெருமை. படம் பிடித்தது எப்படியும் தெரியத்தான் போகிறது, இந்த வடிவைக் கண்டால் உன் அம்மாவும் மனம் மாறிவிடுவா என்று நினைத்தேன். உள்ளே வந்தால் கனகம் பாயில் காய்ச்சலில் கிடக்கிறாள். இரண்டு நாளாகப் பால் குடிக்கவில்லை என்றார்கள். உன் அம்மா என் கையிலிருந்த படத்தை வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தா.

"பொட்டு வைக்காமலா புடிச்ச?"

"வச்சிதான் புடிச்சம் அம்மா, மச்சாள்தான் வச்சவ" என்றாய் நீ.

"அப்ப பொட்டு எங்க?"

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. உன் அண்ணன்தான் சொன்னார்: "தூசி எண்டு நினைச்சி அடைச்சிரிப்பாள் அம்மா. திருத்தக்குள்ள அப்பிடி நடக்கிறதுதான்."

"வச்சவளுக்குத் தெரியாதா எது தூசி, எது பொட்டு எண்டு? புள்ளப் பாக்கியம் இல்லாதவள்ட வயித்தெரிச்சல் கை வழியா வந்திரிக்கு. ரெண்டக் குடுத்திட்டு இரிக்கிற வீடு இது."

அந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல, வேறு வாய்களால் கேட்டிருக்கிறேன். நான் உன்னைத்தான் பார்த்தேன். நீ ஒரு சொல் சொல்வாய் என்று நின்றேன். நீ படத்தை வாங்கிப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே இருந்தாய். உன் கை மெல்ல வாய்க்குக் கீழே உன் நாடிக்குப் போனது. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அழப் போகிறாய் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறாய் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, பிள்ளை சிரிக்கிறது என்று உன் அண்ணன் வந்து சொன்னார். அப்படியே நிலத்தில் குந்தி அழுதேன். ஆனால் உன் வீட்டுப் படியை நான் அதன் பிறகு மிதிக்கவில்லை. எனக்கு மூக்கின் மேல் கோபம், அது உனக்குத் தெரியும். நீ வந்து கூப்பிடவேண்டும் என்று இருந்தேன். கனகம் பெரிய பிள்ளையானபோது மாமி நான் வந்து தண்ணீர் வார்க்க வேண்டும் என்று நீ ஆள் அனுப்பினாய். சீலையை உன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, எனக்குத் தலையிடி என்று படுத்துக்கொண்டேன். உன் அம்மா போனபோது வந்தேன், வாசலோடு திரும்பினேன். நீ போனபோதும் வந்தேன். முற்றத்தில் உன் காலடியில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தும், வாய் வரவில்லை.

கோபம் என்று சொன்னது பாதிதான் உண்மை. மீதியை இப்போது சொல்கிறேன். எனக்குப் பயம், நேசம். உன் அம்மா கேட்ட கேள்வி எனக்குள்ளேயே குடியிருந்துவிட்டது. வச்சவளுக்குத் தெரியாதா? என் கையால் வைத்த பொட்டை என் கை எப்படி மறந்தது? நீ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் மட்டும்தானா இருந்தது? ஓர் எரிவும் இருந்ததா? அது தெரியாமல் கை வழியே இறங்கிவிட்டதா? அந்தத் தட்டை எடுத்துப் பார்த்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். அதனாலேயே அது இருந்த பெட்டியை நான் திறக்கவில்லை. பதினெட்டு வருஷம் மற்றத் தாய்மாரின் தட்டுகளைத் திருத்தினேன். ஒவ்வொரு பிள்ளையின் கன்னத்திலும் பென்சிலை வைக்குமுன், "பொட்டு வச்சீங்களா, எந்தப் பக்கம்?" என்று வாடிக்கைக்காரரைக் கேட்டுத் தாளில் எழுதிவைத்துக்கொள்வேன். இந்தப் பெண்ணுக்குப் பொட்டுப் பைத்தியம் என்று ஊர் சொல்லும்.

இனிப் போன கிழமைக்கு வருகிறேன். கனகம் உள்ளே வந்து பிள்ளையை என் மடியில் இறக்கினாள், கேட்கவேயில்லை. பிறகு உன் பழைய சீலைத் துண்டில் சுற்றிய ஒரு பொதியை அவிழ்த்தாள். அந்தப் படம். மட்டை மூலையெல்லாம் மழுங்கிப்போய் இருந்தது. படத்தில் கனகத்தின் கன்னத்தில் மை தடிப்பாக ஒரு கட்டியாக ஏறி, தாளே தெரியவில்லை.

"இது என்னகா?"

"அம்மா வெள்ளிக்கு வெள்ளி பொட்டு வைப்பா மாமி. எனக்கு வைக்காட்டியும் படத்துக்கு வைப்பா. மாமி மறந்தத நான் வைக்கன் எண்டு சொல்லிச் சொல்லி வைப்பா. அவ போகக்குள்ள இவ்வளவு தடிப்பு."

என் தலை குனிந்துவிட்டது. "கோபமா சொல்லுவாவா?" என்று கேட்டேன்.

கனகம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கோபமா? அம்மா சிரிக்கிறதுக்கெண்டே இந்தப் படத்த எடுப்பா. உங்களுக்கு அந்தக் கதை தெரியாதா?"

"என்ன கதை?"

"அவட மச்சம், மாமி."

உனக்கு நாடியில் ஒரு மச்சம் இருந்ததே. மிளகளவில், கறுப்பாக. கண்ணாடி பார்க்கும் போதெல்லாம் அதைத் திட்டுவாய். கனகம் படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். உன் நாடி அம்மியில் அரைத்ததுபோல் வழுவழுவென்று இருந்தது. மச்சத்தைக் காணவில்லை.

"அம்மா சொல்லுவா, 'மச்சாள் என்ட மச்சத்தையும் எல்லோ அழிச்சிப்போட்டா. வயித்தெரிச்சல் புடிச்சவள் புள்ளைக்குக் கேடு செய்வாள், தாய எதுக்குகா வடிவாக்குவாள்? அவக்குப் பொட்டும் மச்சமும் தூசியும் எல்லாம் ஒண்டுதான்' எண்டு. அண்டைக்குப் படத்தப் பாத்த உடனயே கண்டுட்டாவாம். சிரிப்பு அடக்க ஏலாம உள்ளுக்க ஓடினவவாம். புள்ள காய்ச்சல்ல கிடக்கக்குள்ள தாய் சிரிச்சா அம்மம்மா என்ன சொல்லுவா?"

"ஏன் எனக்கு ஒருக்காச் சொல்லல்ல?"

"மாமி வரட்டும், வந்தா சொல்லுவம் எண்டுதான் இருந்தவ. நீங்க வரவேயில்லையே."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். நான் பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதேன். பிறகு சிரித்தேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் வாயைத் திறந்தது. சத்தம் கேட்டு நொண்டிக்கொண்டு வந்த உன் அண்ணன் படத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "தங்கச்சிக்கு மச்சம் இருந்ததா?" என்று கேட்டார். உன்னோடு ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்த மனுஷன்.

கனகம் அதன் பிறகுதான் தான் வந்த காரணத்தைச் சொன்னாள். குரல் இறங்கிவிட்டது.

"படம் பழுதாப் போகுது மாமி. இன்னொண்டு அடிச்சுத் தர ஏலுமா? மறுகா... அம்மாட மச்சம் இடப்பக்கமா வலப்பக்கமா எண்டு எனக்கு மறந்திட்டு. யாரக் கேட்டாலும் ஒவ்வொரு பக்கம் சொல்லுறாங்க. இதப் பாத்துப் பாத்து மச்சமில்லாத முகம்தான் ஞாபகத்தில நிக்கிது."

உன் குரல் கேட்டது எனக்கு. மூத்தவனின் முகம் மறந்துபோயிற்று என்றாயே, அதே கதிரைக்குப் பக்கத்தில் நின்று அவள் சொல்கிறாள். உனக்கு ஒரு முகத்தை வைத்துத் தருகிறேன் என்று உட்கார்ந்து, இன்னொரு முகத்தை அழித்து வைத்திருக்கிறேன். ஆனால், நேசம், இந்த முறை எனக்குப் பயம் வரவில்லை. இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியும்.

பெட்டியைத் திறந்தேன். தட்டு உடையாமல் இருந்தது. யன்னலில் வைத்து உருப்பெருக்கியைப் பிடித்தேன். பிள்ளையின் கன்னத்தில் என் பென்சில். உன் நாடியில் என் பென்சில். கதிரைக் காலில், திரைச்சீலையில், உன் வளையல் கையில், வெறும் சுவரில், எங்கும் அதே பென்சில். ஒரே அழுத்தம், ஒரே சின்னச் சுழிப்பு. கன்னத்தில் கொஞ்சமும் கூட அழுத்தியிருக்கவில்லை. அடைக்கவேண்டிய ஓட்டையைத் தவிர அந்தக் கை அன்றைக்கு வேறெதையும் காணவில்லை. பொறாமை இல்லை, நேசம். என் கையில் அது இருக்கவில்லை. இத்தனை வருஷம் திறக்கப் பயந்த பெட்டிக்குள் இருந்தது அவ்வளவுதான்.

பென்சில் கோடு கண்ணாடிக்கு மேலேதான் நிற்கும், உள்ளே இறங்காது. பஞ்சைக் கற்பூரத் தைலத்தில் தொட்டு முதலில் உன் நாடியைத் துடைத்தேன். பிறகு கன்னத்தை. இரண்டு ஓட்டையும் பளிச்சென்று திறந்துகொண்டன. தூசி ஓட்டைகளை அடைத்த பென்சிலை அப்படியே விட்டேன், அது பிழையல்ல.

கனகத்தையும் இருட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். சிவப்பு விளக்கில், தட்டோடு வைத்து வெளிச்சம் காட்டிய தாளை மருந்துத் தொட்டிக்குள் அமிழ்த்தினேன். முதலில் உன் கூந்தல் வந்தது. பிறகு கண். என்னைப் பார்த்த அதே கண். பிறகு பிள்ளையின் கன்னத்தில் நான் வைத்த பொட்டு. கடைசியாக உன் நாடியில் மிளகளவில் அந்த மச்சம்.

"இடப்பக்கம்" என்றாள் கனகம். மச்சத்தின் மேல் விரலை வைத்தாள். ஈரத் தாளைத் தொடாதே என்று சொல்லவேண்டியவள், நான் சொல்லவில்லை.

மறுநாள் அவளையும் பிள்ளையையும் பிரம்புக் கதிரையில் உட்காரவைத்தோம். அவள் உன் மைச்சிமிழைத்தான் கொண்டுவந்திருந்தாள். திறந்து என்னிடம் நீட்டினாள். எனக்கு வயதாகிவிட்டது, இப்போது கொஞ்சம் கை நடுங்குகிறது என்றேன். "பரவாயில்ல மாமி, நீங்களே வைங்க" என்றாள். பொட்டு சற்றே கோணலாக விழுந்தது. உன் பேரன் அதைத் தடவிக் காதுவரை இழுத்துவிட்டான். அப்படியே பிடித்தோம். கனகம் கமராவைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தாள். உன் அண்ணன் துணிக்குள்ளிருந்து கத்தினார். "இருக்கட்டும், குமிழை அமத்துங்க" என்றேன்.

அந்தத் தட்டு இப்போது யன்னலில் சாய்ந்து நிற்கிறது. கன்னத்தில் நீளமாக ஒரு வெளிச்சக் கீறல். அதில் நான் பென்சிலை வைக்கமாட்டேன், நேசம். படம் காய்ந்ததும் தபாலில் அனுப்பமாட்டேன், உன் அண்ணன் கையிலும் கொடுத்தனுப்பமாட்டேன். நானே கொண்டுவருவேன். வந்து, உன் வீட்டுப் படியேறி, உள்ளே போய், நீ அன்று வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அந்த அறையில் உட்கார்ந்து உனக்கும் சேர்த்துச் சிரிப்பேன். பேரனுக்கு முதற்சோறு தீத்துகிற நாளிலும் வருவேன். தலையிடி என்று படுக்கமாட்டேன்.

வைத்ததும், அழித்ததும், திரும்ப வைத்ததுமான கை எழுதியது.

உன் அண்ணன் பெண்சாதி, கனகத்தின் மாமி,
உன் மச்சாள்
பூரணம்